பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்தின் முதல் மூதாதை: தேடும் முறை

நம் பிள்ளைகள் பலர், அதிலும் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்கு வரும்போது வம்சாவளி எழுத ஆசைப்படுகிறார்கள். "ஐயா, எங்க குடும்பத்துல பெங்களூருக்கு முதல்ல வந்தவர் யாரு?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன் அல்லன், வியாபாரி. கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய கணக்குகளையும் புரட்டி அறிந்ததைச் சொல்கிறேன்.

இவ்வூரில் தமிழின் தடம் மிகப் பழையது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர் ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைக் கூறுகிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்கு 1270-இல் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தவர் அழகியார். அதே கோயில் கல்வெட்டில் திரிபுராந்தகச் செட்டியாரின் பெயரோடு அவர் மனைவி செட்டிச்சி பார்வதியின் பெயரும் உண்டு. பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி இவற்றையெல்லாம் நமக்குத் தந்தது.

இதைப் படித்ததும் சிலர், "அந்தச் செட்டியார் எங்க வம்சந்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பக்க இருப்பு வந்து சேரவேண்டும். நடுவில் ஐந்நூறு ஆண்டுப் பக்கங்கள் இல்லாமல் கணக்கு நேராகுமா? அவர்கள் இவ்வூர்த் தமிழருக்கெல்லாம் முன்னோர். ஒரு வீட்டுக்கு மட்டும் பாட்டன் ஆகார்.

நம்மில் பலரின் கணக்கு 1809-க்குப் பிறகு தொடங்குவது. அவ்வாண்டு ஆங்கிலேயர் அல்சூர்ப் பக்கம் தண்டு அமைத்தார்கள். படையோடு சிப்பாய்களும், ஒப்பந்தக்காரர்களும், கடைக்காரர்களும், கூலிகளும் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தார்கள். 1868-இல் கட்டிமுடித்த அட்டாரா கச்சேரியின் ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் இலவசப் பள்ளி தொடங்கியவரும் அவரே. அவர் பெயர் நிலைத்தது. அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர் பெயர், இருந்தால், ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.

தேடுவோர் ஒன்றை மறக்கக்கூடாது. 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பியபோது தண்டுப் பகுதி ஆங்கிலேயரிடமே நின்றது. 1947-இல்தான் மைசூரோடு சேர்ந்தது. ஆகவே ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகம், இரண்டு வகை ஆவணம். பேட்டையில் இருந்தவரைத் தண்டுப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். 1898-இல் பிளேக் வந்தபோது குடும்பங்கள் சிதறி இடம் மாறின என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? வீட்டிலிருந்தே. கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்று, கிறித்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு. எல்லாவற்றிலும் மேலானது மொய் நோட்டு. அதில் பெயரோடு ஊரும் இருக்கும். எந்த ஊரார் அதிகம் எழுதினார்களோ அங்கேதான் வேர். எங்கள் நயினார் குடும்பங்களில் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர் ஜினாலயத்தைச் சொன்னாலே பாதி வழி தெரிந்துவிடும். இன்னொன்று: நாம் எழுதும் வம்சாவளியில் அப்பன், பாட்டன், பூட்டன் மட்டுமே வருகிறார்கள். பாட்டியின் பிறந்த ஊரை எழுதினால் அறுந்த கண்ணி பல சேரும். தொம்மலூர்க் கல்லே மனைவியின் பெயரை விடவில்லையே!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரண் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மூத்த பாட்டி இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.