ஊருக்கொரு வரி

1939 முடியும்போது பிலடெல்பியா நகராட்சியின் கஜானா காலி. பொருளாதார மந்தத்தில் சொத்து வரி வசூல் படுத்துவிட்டது. முந்தைய ஆண்டு போட்ட வருமான வரியையோ பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. குறைந்த வருமானத்துக்கு விலக்கு கொடுத்ததுதான் அதில் கண்ட குறை. வரி எல்லாருக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது பென்சில்வேனியா அரசமைப்பின் விதி. நகராட்சி விலக்கை நீக்கியது. 1940 ஜனவரியிலிருந்து, முதல் டாலருக்கே ஒன்றரை சதவீதம் பிடித்தது. ஏழைக்குக் காட்டிய இரக்கம் சட்டத்தில் நிற்கவில்லை. இரக்கமில்லாமல் போட்ட வரி இன்றுவரை நிற்கிறது!

நகரவாசிகளோடு, புறநகரிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருபவர்களும் கட்ட வேண்டும். முதலாளியே சம்பளத்தில் பிடித்துச் செலுத்த வேண்டும். அமெரிக்க மத்திய அரசே இந்தச் சம்பளப் பிடித்தத்தைப் பரவலாக்கியது 1943-இல்தான்.

வழி தெரிந்ததும் மற்ற ஊர்களும் கிளம்பின. 1946-இல் ஒஹாயோவின் டொலிடோ. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா, மாநிலம் வரி போடாத எதன்மீதும் உள்ளாட்சிகள் வரி போடலாம் என்று கதவைத் திறந்தது. 1965-இல் வந்த சட்டம் இதை ஒழுங்குபடுத்தி, பெரும்பாலான ஊர்களில் சம்பள வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு வைத்தது. அதை ஊரும் பள்ளி மாவட்டமும் பங்கிட்டுக்கொள்ளும். பிட்ஸ்பர்க் போன்ற நகரங்கள் விதிவிலக்கு. அங்கே குடியிருப்பவருக்கு 3 சதவீதம்.

ஆண்டின் நடுவே வீடு மாறுபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 60,000 டாலர் சம்பளக்காரர் ஒருவர் ஜூன் இறுதியில் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சதவீதப் புறநகருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் பழைய முகவரிக்கே டிசம்பர் வரை பிடித்தால் 1,800 டாலர் போய்விடும். நியாயமான கணக்கு பிட்ஸ்பர்க்குக்கு 900, புதிய ஊருக்கு 300. அவரும் கவனிக்காமல் முழு ஆண்டுக்கும் பிட்ஸ்பர்க்வாசியாகவே கணக்குத் தாக்கல் செய்திருந்தால், திருத்திய கணக்கு கொடுத்து அங்கே 900 டாலரைத் திரும்பக் கேட்க வேண்டும். புதிய ஊருக்குத் தனிக் கணக்கு போட்டு 300 கட்ட வேண்டும். பழைய ஊர் தன் கையிலுள்ள பணத்தைப் புதிய ஊருக்குத் தானாக மாற்றிவிடும் என்று காத்திருப்பது வீண்.

ஒரு காலத்தில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 560 வசூலிப்பாளர்கள் இருந்தார்கள். எந்தப் பணம் எந்த ஊருக்கு என்பதில் ஓயாத தகராறு. 2008-இல் இயற்றிய சட்டம் அவர்களை 69 வசூல் வட்டங்களுக்குள் அடக்கியது. 2012-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஆறு இலக்க எண் கிடைத்தது. ஆனாலும் பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டத்தில் மட்டும் நான்கு வட்டங்கள். பிலடெல்பியாவோ இந்த ஏற்பாட்டுக்குள் வரவே இல்லை.

பென்சில்வேனியாவில் வீடு மாறுபவர்கள் புதிய குடியிருப்புச் சான்றுப் படிவத்தை உடனே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மாறிய தேதியை ஒட்டிய சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். எந்த ஊரில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.