சாயக்காரரின் பகை, வைத்தியரின் துணை

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன் துணிக்கு ஒரு சோதனை உண்டு. துணியில் ஒரு துண்டை வெட்டி, செனான் விளக்கின் கீழ் மணிக்கணக்கில் வைப்பார்கள். பக்கத்தில் எட்டு நீலக் கம்பளித் துண்டுகள் இருக்கும். அவற்றுள் எதன் வேகத்தில் நம் துணி வெளுக்கிறது என்று பார்த்து, 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். எண் குறைந்தால் சாயப்பட்டறைக்காரருக்குத் தூக்கம் போயிற்று! வெயில் அவருக்குப் பரம்பரைப் பகை.

வெளுப்பதோடு நின்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு நிற வாட் சாயங்கள் சிலவற்றில் நிறம் கெடாமலே இருக்கும். நூல் மட்டும் இற்றுப்போகும். (திருப்பூரில் இன்று பெரும்பாலும் புழங்குபவை ரியாக்டிவ் சாயங்கள், இது பழைய திரைச்சீலைகளின் நோய்.) 1940களில் இங்கிலாந்தில் எகர்ட்டன் என்பவர் இதை ஆராய்ந்தார். ஒளி சாயத்தைத் தூண்டுகிறது, சாயம் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தூண்டுகிறது, வெறிகொண்ட பிராணவாயு பருத்தியை அரிக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம்.

இதே மூவர் கூட்டணி புற்றுநோய்க் கட்டியையும் அரிக்க வல்லது. அந்தக் கதை எகர்ட்டனுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில், 1897–98 குளிர்காலத்தில், ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் அக்ரிடின் என்னும் தார்ப் பொருளைப் பரமீசியம் என்ற நுண்ணுயிரின் மீது சோதித்துக் கொண்டிருந்தார். ஒரே அளவு மருந்து. ஆனால் ஒருநாள் உயிரிகள் விரைவில் மடிந்தன, இன்னொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. வேறொருவராயிருந்தால் கைப்பிழை என்று ஒதுக்கியிருப்பார். ராப், பிழைத்திருந்த நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்ததை நினைத்துப் பார்த்தார். கொன்றது மருந்து மட்டுமன்று, வெளிச்சமும்கூட! அவருடைய ஆசிரியர் டாப்பைனர், 1903இல் சிவப்பு மைக்கும் பட்டுக்கும் பயன்பட்ட இயோசின் சாயத்தைத் தோல் புற்றின்மேல் தடவி ஒளிபடச் செய்தார். பிராணவாயு இல்லாவிட்டால் இது நடவாது என்றும் அவர் குழுவினர் காட்டினர்.

அந்தப் பிராணவாயுவுக்கு என்ன நேருகிறது? 1931இல் ஹான்ஸ் கௌட்ஸ்கி அழகான ஒரு சோதனை செய்தார். ஒளியை வாங்கும் சாயத்தைச் சில சிலிக்கா மணிகளிலும், பிராணவாயுவால் நிறமேறும் மற்றொரு பொருளை வேறு மணிகளிலும் ஏற்றி, இரண்டையும் கலந்து ஒளி பாய்ச்சினார். ஒன்றையொன்று தொட முடியாத பொருள்கள்; ஆயினும் இரண்டாவது நிறமேறியது. இடையே தூது சென்றது தூண்டப்பட்ட பிராணவாயுவே என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலர் நம்பவில்லை. 1964இல்தான் அவர் கூற்று நிலைபெற்றது. தண்ணீரில் இத்தூதனின் ஆயுள் விநாடியின் பத்து லட்சத்தில் மூன்று நான்கு பங்கே. ஆதலால் பிறந்த இடத்தருகே உள்ளதைத்தான் அழிக்கும். வைத்தியருக்கு வேண்டியதும் அதுவே.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டௌகர்ட்டி, இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து செய்த மருந்தை ஊசி மூலம் ஏற்றி, செவ்வொளி பாய்ச்சினார். 1978இல் வெளியிட்ட கணக்கு: 25 நோயாளிகள், 113 கட்டிகள், 111 முழுதுமோ ஓரளவோ கரைந்தன. 1993இல் கனடா இம்முறைக்கு அனுமதி தந்தது.

குறைகளும் உண்டு. ஊசி போட்டவர் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வெயிலில் தலைகாட்டக் கூடாது. செவ்வொளி சதைக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடச் செல்வது அரிது. சாய மூலக்கூறுகள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால் வாங்கிய ஒளி வெறும் சூடாக வீணாகும். சாயத்தொட்டியில் சாயம் கட்டிதட்டினால் என்ன பாடு என்பது நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்குதான் மெல்லேடுகள் வருகின்றன. ஓரணு தடிமனுள்ள கிராஃபீன் ஏட்டை 2004இல் பிரித்துக் காட்டினர். அதில் ஒரு கிராமின் பரப்பு, கணக்குப்படி சுமார் 2,600 சதுர மீட்டர். சாய மூலக்கூறுகள் அதன்மேல் திரளாமல் படுத்துக்கொள்ள இடமுண்டு.

கருப்புப் பாஸ்பரஸ் இன்னும் ஒருபடி மேல். ஏடே சாயத்தின் வேலையைச் செய்கிறது. பிராணவாயுவைத் தூண்ட ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. தடித்த பாளம் தரக்கூடியது 0.3தான். மெலிய மெலிய அது உயர்ந்து, ஓரடுக்கில் ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. 2015இல் சீனத்தின் ஹெஃபெய் நகர விஞ்ஞானிகள் நீரில் பிரித்தெடுத்த இவ்வேடுகள், செவ்வொளியில் பிராணவாயுவைத் திறம்படத் தூண்டின.

இவை சோதனைச் செல்களையும் சுண்டெலிகளையும் தாண்டி மருத்துவமனைச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை. இதைக் கேட்டு யாரும் வெயிலில் நின்று புற்றைப் போக்க முயல வேண்டாம். கிராஃபீன் ஏடு உடலில் எளிதில் சிதைவதில்லை என்ற கவலை இருக்கிறது. பாஸ்பரஸ் ஏடோ, நீரும் காற்றும் ஒளியும் பட்டால் நம் எலும்பிலும் உள்ள பாஸ்பேட்டாகக் கரைந்துபோகிறது. உடலுக்கு அது நல்லது. ஆனால் குப்பியிலும் அது அப்படியே கரைகிறது.