தொழுநோய் மறுப்பு

தொழுநோய் மறுப்பு என்பது தமக்கோ தம் சமூகத்துக்கோ தொழுநோய் இருப்பதை ஏற்க மறுக்கும் போக்கு ஆகும். உளவியல் கூறும் தற்காப்பு முறைகளுள் ஒன்றான மறுப்பின் ஒரு வடிவம் இது.

தொழுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் உணர்ச்சியற்ற தேமல். அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை; ஆகவே வெறும் தேமல் என்று தள்ளிவிடுவது எளிது. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சிக் குடும்பத்தாரும் மறைப்பதுண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றிலும் குணமாகும். ஆனால் காலம் தாழ்த்தினால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924 இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில், 1940களில் இராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். 1955 இல் நடுவண் அரசு அதனை ஏற்றது. இன்றைய மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இதுவே.

10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை 2005 திசம்பரில் எட்டியதாக இந்தியா அறிவித்தது. நோயே ஒழிந்தது என்று பலர் பொருள் கொண்டனர். இக்கணக்கில் சிகிச்சையில் உள்ளவர்கள் மட்டுமே சேர்வர். 6 அல்லது 12 மாதச் சிகிச்சை முடிந்ததும் பெயர் நீக்கப்படும். தேடுவது குறைந்தாலும் எண்ணிக்கை குறையும் என்பது இதன் பெருங்குறை. 2010களில் ஆண்டுதோறும் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்பட்டனர். இது உலக மொத்தத்தில் பாதிக்கும் மேல்.

நோயை மறைக்கச் சட்டமும் காரணமாயிற்று. தொழுநோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணமுறிவு கோரும் உரிமை 2019 வரை நீடித்தது.