உப்பும் வெயிலும்: தமிழர் இல்லங்களில் உணவுப் பாதுகாப்பு

மிகுதியாகக் கிடைக்கும் காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றைக் கெடாமல் பதப்படுத்தி, கிடைக்காத காலத்துக்கு வைத்துக்கொள்வது தமிழர் இல்லங்களின் பழைய வழக்கம். வற்றல், வடகம், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் ஆகியவை இவ்வாறு உண்டானவை. இவற்றுக்கு முதன்மையாக வேண்டியவை வெயிலும் உப்பும். வெயிலுக்கு விலை இல்லை, உப்புக்கு உண்டு. ஆகவே வீட்டுச் சிக்கனத்தின் வரலாறு உப்பின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

சங்க காலம்

நெய்தல் நிலப் பெண்கள் உலரும் மீனைப் பறவைகள் கவராமல் காத்ததை நற்றிணை காட்டுகிறது. உலர்த்திய பொருளுக்கு 'உணங்கல்' என்று பெயர். உமணர் என்னும் உப்பு வணிகர் மாட்டுவண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றினர். கடலோரத்து உப்பு உள்நாட்டு அடுப்படியை எட்டியது இவ்வாறுதான்.

மிளகாயின் வரவு

இன்றைய ஊறுகாயின் சிவப்பு நிறம் பழமையானது அன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவையே பயன்பட்டன. மிளகுபோல் உறைக்கும் காய் என்பதை 'மிளகாய்' என்ற பெயரே உணர்த்துகிறது. மோர் மிளகாயும் இதன் பின்னரே வந்திருக்க முடியும்.

முறைகளும் காரணங்களும்

உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அதை ஆவியாக்குகிறது. நீர் குறைந்த இடத்தில் கிருமிகள் பெருகா. சுண்டைக்காய், மணத்தக்காளி ஆகியவற்றை மோரில் ஊறவைப்பதால் புளிப்பும் உப்பும் சேர்ந்து காக்கின்றன, கசப்பும் குறைகிறது. ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஈரக் கரண்டியை ஜாடியில் இடக்கூடாது என்று பெரியவர்கள் கண்டித்ததற்கும் காரணம் இதுவே: நீர் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

எதையும் வீணாக்காத பழக்கமும் இதனுடன் வளர்ந்தது. மிஞ்சிய சோறு நீரூற்றிப் பழையசோறாயிற்று. பீர்க்கங்காய்த் தோல் துவையலாயிற்று. கொட்டை நீக்கிய புளி உப்பிட்டுப் பானையில் அடைக்கப்பட்டது. பயறு வகைகளில் வேப்பிலையும் வசம்பும் இட்டுப் பூச்சியைத் தடுத்தனர்.

உப்பு வரி

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. கடற்கரையில் தானே விளையும் உப்பை அள்ளுவதும் பின்னர்க் குற்றமாயிற்று. உணவைச் சேமித்தால் பணம் மிஞ்சும். ஆனால் சேமிக்க வேண்டிய உப்புக்கே வரி. மீன் உலர்த்துவோர் மிகவும் இடர்ப்பட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வரியில்லா உப்பு தரும் மீன் பதப்படுத்தும் முற்றங்களை அரசே கடற்கரைகளில் திறக்க நேர்ந்தது. 1923-இல் வரி இருமடங்காகி மறு ஆண்டே குறைந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளினார். 1947-இல் வரி நீங்கியது.

யாருடைய சிக்கனம்?

பழைய சிக்கனத்தைப் புகழும்போது ஒன்றை மறக்கலாகாது. சேமிக்க மிச்சம் வேண்டும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மடிந்த பல இலட்சம் மக்களில் நிலமற்ற கூலிகள் ஏராளம். அவர்களுக்குக் குதிரும் இல்லை, பத்தாயமும் இல்லை. மிச்சம் இருந்த வீடுகளிலும் விடியுமுன் மாவு கிளறிக் கூழ் காய்ச்சி, வடகம் பிழிந்து, காக்கை விரட்டிக் காவலிருந்தவர்கள் பெண்களே. அவ்வுழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

குறிப்புச் சுவடி இன்றி, கேட்டும் பார்த்தும் மகளுக்கும் மருமகளுக்கும் சென்ற அறிவு இது. 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்ற நூல்கள் வீட்டுச் சமையலறிவை அச்சில் ஏற்றின.

இன்று

குளிர்சாதனப் பெட்டி வந்தபின் வற்றலும் வடகமும் தேவையால் அன்றிச் சுவைக்காகவே உண்ணப்படுகின்றன. உப்பு மிகுந்திருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு கொள்வது நன்று. எனினும் மின்சாரம் இன்றி, விளைந்த ஊரிலேயே, விலை வீழ்ந்த காயைக் குப்பைக்குப் போகாமல் காக்கும் வழி இது. சந்தையில் தக்காளி கொட்டப்படும் நாட்களில் இவ்வறிவின் அருமை விளங்கும்.