விளக்கேந்திய பெண்ணும் சாலைக்குழி முதலையும்

போன தீபாவளிக்கு இங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு ஒரு படம். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையால் சுடருக்கு மறைப்பு, முகமெல்லாம் மஞ்சள் வெளிச்சம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "ரவிவர்மா படம். ஒரிஜினல் மைசூர்ல இருக்கு, பார்த்திருக்கீங்களா?" என்றார் நண்பர்.

பார்த்திருக்கிறேன். மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில். ஆனால் அது ரவிவர்மா வரைந்ததில்லை. ரவிவர்மா 1906லேயே காலமாகிவிட்டார். இது 1940களில் எஸ்.எல்.ஹல்தங்கர் என்ற மராட்டிய ஓவியர் வாட்டர்கலரில் வரைந்தது. விளக்கோடு நிற்பது அவருடைய மகள் கீதா. அந்த அம்மா 2018 அக்டோபரில் கோலாப்பூரில் தன் 102வது வயதில் காலமானார். அதே அரண்மனையில் ரவிவர்மாவின் நிஜ ஓவியங்களும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். காலண்டர்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள் :-)

நண்பரிடம் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தல் ஆரம்பித்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மைசூருக்குக் கண்காட்சி புதிதல்ல. தசரா பொருட்காட்சியை 1880ல் பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கி வைத்தார். ராஜ்யத்து ஜனங்கள் புதிய பொருள்களையும் தொழில்களையும் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். ஜெகன்மோகன் அரண்மனை 1861ல் கட்டியது, 1915லிருந்து ஓவியக்கூடம். இன்று பொருட்காட்சிக்குப் போனால் டெல்லி அப்பளமும் ராட்டினமும்தான் முதலில் கண்ணில் படும். ஆனாலும் படம் என்பது அரண்மனைக்குள் மட்டும் இருப்பதல்ல, ஊர்ஜனம் வரிசையில் நின்று பார்ப்பது என்ற பழக்கம் அந்த ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு.

அதே ஊரில் வளர்ந்த நம் தமிழ்ப் பையன் ஒருவர் காக்கைகளை வரைந்து பழகினார். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி அவருக்கு இடம் தரவில்லை. பின்னாளில் அதே பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. ஆர்.கே.லக்ஷ்மண்தான். கட்டம்போட்ட கோட்டு போட்ட சாமானியனை வைத்து ஆட்சியாளர்களைத் தினமும் இடித்துரைத்தவர். அவருக்குச் சுவர் செய்தித்தாள். அடுத்த தலைமுறை மைசூர்க்காரர் ஒருவருக்குச் சாலையே சுவராகிவிட்டது.

பாதல் நஞ்சுண்டசாமி, மைசூர்க்காரர். அங்கே 'காவா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சாமராஜேந்திரா கலைக் கல்லூரியில் படித்தவர். 2015 ஜூனில் பெங்களூர் சுல்தான்பாளையத்தில் ரொம்ப நாளாக மூடாமல் கிடந்த பெரிய சாலைக்குழிக்குக் குளம்போல் வர்ணம் பூசி, அதில் ஒரு ஃபைபர் முதலையை விட்டார். போட்டோ ஊரெல்லாம் பரவியது. குழியை மூட ஆள் வந்தது. 2019 செப்டம்பரில், சந்திரயான் 2 நிலவில் இறங்க வேண்டிய அதே வாரத்தில், விண்வெளி வீரர் உடையில் நடிகர் பூர்ணசந்திர மைசூரை ஹேரோஹள்ளிப் பக்கம் ஒரு சாலையில் நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். நிலா என்றே நினைப்பீர்கள், பக்கத்தில் ஆட்டோ போகிற வரைக்கும். அந்தச் சாலைக்கும் உடனே வேலை நடந்தது.

யோசித்துப் பாருங்கள். விளக்குப் பெண் எழுபது எண்பது வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறாள். முதலைக்கு ஆயுசு சில நாள். குழியை மூடினால்தான் அந்தக் கலைக்கு வெற்றி. மூடினால் கலையே இல்லை. மிஞ்சுவது யாரோ எடுத்த போட்டோதான்.

நம் பக்கமும் இதே கதை நடந்தது. 2019 டிசம்பர் 29ம் தேதி, மார்கழிக் காலையில், சென்னை பெசன்ட் நகரில் சிலர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்து வைத்துப் பிறகு விட்டது. மறுநாள் கோபாலபுரம் கருணாநிதி வீட்டு வாசல் உட்படப் பல வாசல்களில் அதே வாசகத்தோடு கோலம். சட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். அரிசிமாவு சாயங்காலத்துக்குள் எறும்புக்கும் செருப்புக்கும் போய்விடும். அன்றைக்கு அது இருந்தது என்பதற்குச் சாட்சி கேமராதான்.

சாட்சி இல்லாவிட்டால்? மைசூரில் ராமசாமி சர்க்கிள் என்று ஒரு நாற்சந்தி. 1947 செப்டம்பரில் பொறுப்பாட்சி கேட்டு நடந்த 'மைசூர் சலோ' போராட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மாணவனின் பெயர் அது. அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரொம்ப காலம் எனக்கு அது ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். பெயர் மிஞ்சியது, எனக்கு முகம் தெரியவில்லை. முதலைக்கு நேர் எதிர். அங்கே படம் மிஞ்சுகிறது, பெயர் தொலைகிறது.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன். முதலைப் படம் எனக்கு வந்தபோது சிரித்துவிட்டு நாலு குழுக்களுக்கு அனுப்பினேன். யார் செய்தது, எந்தத் தெரு, எந்த வருஷம், ஒன்றும் எழுதவில்லை. சரி, அது அடுத்தவர் எடுத்தது. நானே எடுத்தவை? தசரா சமயங்களில் மைசூர்ச் சுவர்களையும் கண்காட்சிகளையும் எடுத்த படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடக்கின்றன. திறந்து பார்த்தேன். கேமரா கொடுத்த நம்பர்தான் பெயர். தேதி பாதியில் தப்பு. ஒரு சுவரோவியத்தின் மூலையில் வரைந்தவரின் கையெழுத்தை நானே ஃபிரேமுக்கு வெளியே தள்ளியிருக்கிறேன், படம் அழகாக இருக்க வேண்டுமென்று. ரவிவர்மா என்று சொன்ன நண்பருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இந்த வாரக்கடைசியில் அந்த ஃபோல்டரோடு உட்கார்ந்தேன். மகளும் கூட உட்கார்ந்தாள். ஞாபகம் வந்தவரை இடம், வருஷம், பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். முப்பது படம் முடிந்தது. கையெழுத்தை வெட்டிய அந்தச் சுவருக்கு மட்டும், "மைசூர், வரைந்தவர் பெயரை வெட்டியவன் நான்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களிடமும் ஊர்ப் படங்கள் இருக்கும். எடுத்த இடம் தெரிந்தவர்கள் இன்னும் போனில் கிடைக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.