வேளாண் கழிவுகளால் சாயநீரைத் தூய்மையாக்கல்

உமி, தென்னை நார்க்கழிவு, வாழைத்தண்டு, நிலக்கடலைத் தோல் முதலியவற்றைக் கொண்டு சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை நீக்கும் முறை. இவற்றைத் தூளாக்கியோ கரியாக்கியோ நீரில் கலக்கும்போது சாய மூலக்கூறுகள் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர்.

தோற்றம்: கரைசலின் நிறத்தைக் கரி நீக்கும் என்பதை 1785-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். விரைவிலேயே சர்க்கரை ஆலைகள் பாகை வெளுக்கக் கரியைப் பயன்படுத்தின. 1856-இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயம் கண்டபின், எளிதில் சிதையாத நிறங்கள் ஆறுகளில் கலந்தன. கிளர்வூட்டிய கரி அவற்றை நீக்கினாலும் விலை மிகுதி. மலிவான மாற்றைத் தேடி, 1976-இல் பெல்பாஸ்ட் நகர ஆய்வாளர்கள் முற்றா நிலக்கரியையும் மரத்தையும் சோதித்தனர்.

தமிழ்நாட்டில்: திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட காலத்தில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம் குழுவினர் இத்துறையில் முனைந்தனர். 1990களில் வாழைத்தண்டையும் ஆரஞ்சுத் தோலையும், 2001-இல் தென்னை நார்க்கழிவையும் ஆய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். 2002-இல் நார்க்கழிவுக் கரி காங்கோ சிவப்புச் சாயத்தை நீக்குவதைக் காட்டினர். 2003-இல் கதிர்வேலு குழுவினர் மரவள்ளித் திப்பி, இலவங்காய் ஓடு, மக்காச்சோளக் கதிர்க்கட்டை முதலியவற்றிலிருந்து கரி தயாரித்துச் சோதித்தனர்.

செயல்படும் விதம்: உமி, நார் போன்றவற்றிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் நீரில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. ஆகவே மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின்னூட்டச் சாயங்கள் எளிதில் ஒட்டும். பருத்திக்கு ஏற்றும் வினைச் சாயங்களும் பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. கரியாக்காத தூளில் அவை அவ்வளவாகப் படியா. நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதும், கழிவைக் கரியாக்குவதும் இதற்குத் தீர்வுகள்.

திருவண்ணாமலை மாவட்டம்: ஆரணி பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. பட்டுநூலுக்குச் சாயமேற்றும் ஊரிலேயே உமியும் குவிகிறது. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. மாவட்டத்தில் பரவலாக விளையும் நிலக்கடலையின் தோலும் இதற்கு உதவும். ஆனால் உமி ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகவும் வேண்டப்படுவதால் அது விலையில்லாப் பொருளன்று.

வரம்புகள்: இம்முறை நிறத்தை நீக்குமே ஒழிய, நீரில் கரைந்த உப்பை நீக்காது. நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்ட, எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் முதன்மை பெற்றன. மேலும், சாயம் அழிவதில்லை. நீரிலிருந்து உமிக்கோ கரிக்கோ இடம் மாறுகிறது. சாயம் நிறைந்த கழிவை எரிப்பதற்கோ பாதுகாப்பாகப் புதைப்பதற்கோ ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும். ஆகவே வேளாண் கழிவு முழுமையான சுத்திகரிப்பு ஆகாது. அதன் நிறநீக்கப் படிக்கு மட்டுமே பொருந்தும்.