கிணற்று நீரும் ஒரு பட்டப்படிப்பும்

நண்பர் ஒருவரின் மகள் அண்மையில் என்னைத் தேடி வந்தாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவள். மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இயற்கை வள முகாமைத்துவம் படிக்க அவளுக்கு விருப்பம், வீட்டிலோ எதிர்ப்பு. "மாமா, இதைப் படிச்சால் வேலை கிடைக்குமோ?" என்று கேட்டாள்.

கலைப்பட்டத்தோடு பத்திரிகைத் தொழிலுக்கு வந்த என்னிடமும் ஒரு காலத்தில் இதே கேள்வி கேட்கப்பட்டதுண்டு. ஆகவே, உடனே பதில் கூறாமல் இத்துறையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன்.

இது தட்டுப்பாட்டில் பிறந்த கல்வி. ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில், சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் இல்லாமற் போகும் என்ற அச்சம் எழுந்தபோது, சுரங்க நிர்வாகியான கார்லோவிற்ஸ் 1713 இல் வன வளர்ப்புப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மீண்டும் வளரக்கூடிய அளவுக்கே வெட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 1824 இல் பிரான்சின் நான்சி நகரில் வனவியற் கல்லூரி தோன்றியது. இந்தியாவில் புகையிரதப் பாதைகளுக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த வேளையில், 1878 இல் டெஹ்ராடூனில் வனப் பாடசாலை தொடங்கப்பட்டது. காட்டை அளக்கக் கற்றுக்கொடுத்த அந்த ஆட்சி, காட்டில் வாழ்ந்தோரின் உரிமைகளைப் பறித்ததையும் மறந்துவிடலாகாது.

இலங்கையிலும் இதே கதைதான். கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்ட பின்னரே, 1885 இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் 1949 இல் வனசீவராசிகள் திணைக்களம், 1964 இல் நீர்வள சபைக்கான சட்டம், 1980 இல் தேசிய சுற்றாடல் சட்டம், 1981 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் என ஒவ்வொன்றாக வந்தன. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம், குறித்துரைக்கப்பட்ட பாரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இவற்றோடு அரச பதவிகளும் ஆலோசகர் தொழிலும் உருவாகின.

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலும் சூழல் விஞ்ஞானமும், சப்ரகமுவவில் இயற்கை வளங்களும் கற்பிக்கப்படுகின்றன. அரச வெற்றிடங்கள் தாமதமாகவே நிரப்பப்படும் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை.

ஆனால், நான் சொல்ல விரும்பியது வேறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் முறைப்பாடுகள் பெருகியபோது, ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதை நம்புவதென்று தெரியாமலே நாங்கள் அச்செய்திகளுக்குத் தலைப்பிட்டோம். மாதிரி எங்கே, எப்போது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்கக்கூட எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. இன்றுவரை உறுத்தும் குறை அது. 2019 இல் உயர் நீதிமன்றம், அங்கு அனல்மின் நிலையத்தை இயக்கிய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதற்குள் ஆண்டுகள் பல கடந்துவிட்டன.

"அந்த நேரம் அம்மம்மா வீட்டுக்குப் பவுசரிலதான் தண்ணி வந்தது, மாமா. நான் வாளியோட வரிசையில நிண்டனான்" என்றாள் அவள்.

அவள் என்னிடம் கேட்டது தன் வேலையைப் பற்றி. அந்த வேலைக்கு ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாட்டை அவளே சொல்லிவிட்டாள். படிக்கச் சொன்னேன். தகப்பனாரிடம் நானே பேசுவதாகவும் வாக்களித்திருக்கிறேன்.